குடிமை உரிமைச் சட்டக் கைநூல்: காவல் நிலைய மேசையில் விரித்துப் பார்த்த ஒரு மதிப்புரை

1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், அதன்கீழ் 1995-இல் வகுக்கப்பட்ட விதிகள், 1992-ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டம் ஆகியவற்றை ஒரே அட்டைக்குள் அடக்கி, இடப்பக்கம் ஆங்கில மூலமும் வலப்பக்கம் தமிழாக்கமுமாக அச்சிட்ட கைநூல் ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். புகார் கொடுக்க வருவோருடன் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் துணைக்குச் செல்கிற தன்னார்வலன். ஆகவே இந்த மதிப்புரை, நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவரின் பார்வையில் இல்லாமல், மேசைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டே பக்கத்தைத் தேட வேண்டிய ஒருவரின் பார்வையில் எழுதப்படுகிறது. பதிப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கீழே சொல்லப்போகும் குறைகளில் பாதி, சந்தையில் கிடைக்கும் இத்தகைய இருமொழிக் கைநூல்கள் பலவற்றிலும் நான் கண்டவைதான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தை அரசின் இணையதளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க இதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. என் பதில் இரண்டு. தமிழில் படித்துக் காட்டினால்தான் புகார்தாரர் தமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத் தாமே நம்புகிறார்; நான் சொல்லும்போது வருகிற நம்பிக்கையும் அச்சில் பார்க்கும்போது வருகிற நம்பிக்கையும் ஒன்றல்ல. இரண்டாவதாக, சட்டமும் விதியும், பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய உதவித்தொகையைச் சொல்லும் தீருதவிப் பட்டியலும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கையில், கைப்பேசியில் ஒன்றைத் திறந்து மற்றொன்றைத் தேடுவதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். எல்லாம் ஒரே கட்டாக இருப்பதற்காகத்தான் இந்தப் பணம்.

முகப்பில் அரசமைப்புச் சட்டத்தின் 14 முதல் 17 வரையிலான உறுப்புகளும் 25 முதல் 30 வரையிலான உறுப்புகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அழகாக இருக்கின்றன, பயன்பட்டதில்லை. காவல் நிலையத்தில், தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது உறுப்பைப் படித்துக் காட்டினால் எல்லோரும் தலையசைப்பார்கள், எவரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்து வருவது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். இது 1955 ஜூன் 1 அன்று தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. 1976-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு நவம்பர் 19 முதல் இன்றைய பெயரைப் பெற்றது. கோயில், குளம், கடை, உணவகம், மருத்துவமனை ஆகியவற்றுள் அனுமதி மறுப்பதும், பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுப்பதும் இதன்கீழ்க் குற்றங்கள். முதல் குற்றத்துக்கான தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறை. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. 1976-இல் எழுதப்பட்ட அந்த 500 இன்னும் 500-ஆகவே இருக்கிறது. கைநூல் இந்தப் பகுதியை முழுமையாகத் தந்திருக்கிறது. திருத்த வரலாற்றை அடிக்குறிப்பில் தந்திருப்பதும் பாராட்டத்தக்கது. நடைமுறையில் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான பி.சி.ஆர். மட்டும் நிலைத்துவிட்டது: 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படும் வழக்கையும் ஊரில் "பி.சி.ஆர். கேஸ்" என்றே சொல்கிறார்கள், காவலர்களும் உட்பட. கைநூலைப் புதிதாகக் கையில் எடுப்பவர் அந்தப் பேச்சுவழக்கை நம்பி 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒரு வரியில் இதை விளக்கியிருக்கலாம்.

இனி, பணம் கொடுத்து வாங்குவதற்கு உண்மையான காரணமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். கடையில் நுழையவிடாமல் தடுப்பது வேறு, குடிசையைக் கொளுத்துவது வேறு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது நடைமுறையில் இருந்த தீண்டாமைச் சட்டத்தில் அத்தகைய கொடுமைக்கு ஒரு சொல்லும் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்ப வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரி 26 முதல் பெரிய அளவில் விரிவாக்கப்பட்டது. இந்த விரிவாக்கத்துக்குப் பிறகு 3(1) பிரிவில் மட்டும் ஆங்கில எழுத்து வரிசை தீர்ந்துபோய், இசட்.ஏ., இசட்.பி., இசட்.சி. என்று தொடரும் அளவுக்கு உட்கூறுகள் இருக்கின்றன. மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, மயானத்துக்கும் கிணற்றுக்கும் போகவிடாமல் மறிப்பது, மிதிவண்டியில் போவதையோ செருப்பணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ திருமண ஊர்வலம் நடத்துவதையோ தடுப்பது, சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு என்று, ஊர்களில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியதைப் போன்ற பட்டியல் அது.

இந்தப் பட்டியலைக் கையாளுவதில்தான் கைநூலின் மிகச் சிறந்த அம்சமும் மிக எரிச்சலூட்டும் அம்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

சிறந்த அம்சம், கடைசியில் உள்ள பொருள் அகரவரிசை. பிரிவு எண்ணைக் கொண்டு தேடாமல் நடந்த செயலைக் கொண்டு தேடலாம். "கிணறு", "செருப்பு", "திருமண ஊர்வலம்", "மயானம்", "மீசை" என்று சொற்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிய உட்கூறும் பக்க எண்ணும் இருக்கின்றன. என்னுடன் வந்த ஒரு பெரியவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தம் விரலாலேயே "மயானம்" என்ற சொல்லைக் கண்டுபிடித்து, "தம்பி, இதுதானே நம்ம விஷயம்?" என்று கேட்டார். சட்ட நூல் ஒன்றை அவர் அதற்கு முன்பு தொட்டதில்லை. இந்த அகரவரிசையைத் தொகுத்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

எரிச்சலூட்டும் அம்சம், தமிழாக்கத்தின் எழுத்து வரிசை. ஆங்கிலப் பக்கத்தில் ஏ, பி, சி என்று போகும் உட்கூறுகளைத் தமிழ்ப் பக்கத்தில் அ, ஆ, இ என்று மாற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு உயிரெழுத்தும் தீர்ந்ததும் க, கா, கி என்று தொடர்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையிலோ 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்றுதான் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் பதினெட்டாவதாக வரும் உட்கூறு தமிழில் எந்த எழுத்து என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. மொழிப்பற்று காட்ட வேண்டிய இடம் இதுவன்று. வழக்கு எந்தக் குறியீட்டில் பதியப்படுகிறதோ அந்தக் குறியீட்டையே இரு பக்கத்திலும் வைத்திருக்க வேண்டும்.

எழுத்து வரிசையாவது எரிச்சலோடு போய்விடும். மொழிபெயர்ப்பில் உள்ள இரண்டு பிழைகள் வழக்கையே பாதிக்கக் கூடியவை. ஆர் உட்கூறு, அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும் அச்சுறுத்துவதையும் பற்றியது. எஸ் உட்கூறு சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைப் பற்றியது. இரண்டுக்கும் சட்டம் விதிக்கும் நிபந்தனை, அச்செயல் "பொதுமக்கள் பார்வையில் படும் எந்த இடத்திலும்" நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது. கைநூல் இதை "பொது இடத்தில்" என்று சுருக்கிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் இந்த வேறுபாட்டைத்தான் விளக்கியது: தனியார் வீட்டின் முன்வெளி பொது இடமன்று, ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவில் போகிறவர் கண்ணில் படுமானால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடம். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவர்களுக்குள் பொதுமக்கள் எவரும் இல்லாதபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பேச்சு இந்தக் கூறுக்குள் வராது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஒருவர் தம் முதலாளியின் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் நாலு பேர் பார்க்கத் திட்டப்பட்டிருந்தால், கைநூலின் தமிழ்ப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு "அது அவர் வீட்டு இடம்தானே, கேஸ் நிற்காது" என்று திரும்பிப் போய்விடுவார். ஒரு சொல்லைச் சுருக்கியதால் ஓர் உரிமையே காணாமல் போகிறது.

இரண்டாவது பிழை, அனுமானம் பற்றிய 8-ஆவது பிரிவில். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால், அவருடைய சாதி அடையாளமும் தெரிந்திருந்தது என்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் "அனுமானிக்க வேண்டும்" என்கிறது சட்டம். தமிழ்ப் பக்கமோ "அனுமானிக்கலாம்" என்கிறது. அவர் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது என்பதுதான் இத்தகைய வழக்குகளில் முதலில் கேட்கும் தற்காப்பு. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அதைச் சொல்வார்கள். அதற்கு விடையாக 2016-இல் சேர்க்கப்பட்ட கூறை "கலாம்" என்ற விகுதி அடித்துவிடுகிறது. இதைத் தட்டச்சுப் பிழையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மொழிபெயர்த்தவர் விகுதியைப் பொருட்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், 3(2)(வி) பிரிவில் இதே மொழிபெயர்ப்பாளர் மிகக் கவனமாக நடந்துகொண்டிருக்கிறார். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்தைப் பட்டியல் சாதியினர்மீதோ பழங்குடியினர்மீதோ செய்தால் ஆயுள் சிறை என்கிற இந்தப் பிரிவில், முன்பு "அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால்" செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2016-க்குப் பின் "அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்று அறிந்திருந்து" செய்தாலே போதும் என்றாயிற்று. பழைய சொல்லையும் புதிய சொல்லையும் அடிக்குறிப்பில் அருகருகே வைத்து, சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்பதைப் பொறுத்து எது பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறார். பழைய வழக்குகள் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் இது உதவியான குறிப்பு.

நான் அதிகம் பயன்படுத்திய பக்கம் 4-ஆவது பிரிவு. அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை என்பதோடு, அந்தக் கடமைகள் என்னென்ன என்பதையும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் வரிசையாக எழுதியிருக்கிறது: வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொண்ட பின், கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைத் தகவல் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையைப் பதிய வேண்டும், அதன் நகலை உடனே கொடுக்க வேண்டும், 60 நாட்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.

ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், சாதிப் பெயரால் திட்டப்பட்ட ஓர் அம்மாவின் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினார்கள். ரசீது என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சான்று மட்டுமே, வழக்கு அன்று. இது டி.எஸ்.பி. (துணைக் காவல் கண்காணிப்பாளர்) விசாரிக்க வேண்டிய வழக்கு, அவர் வந்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். போட முடியும் என்றார் நிலைய ரைட்டர். நான் விதிகள் பகுதியைத் திறந்தேன். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது 7-ஆவது விதி. தகவலைப் பதிவு செய்ய வேண்டியவர் நிலையப் பொறுப்பு அதிகாரி என்பது 5-ஆவது விதி. பதிவு ஒருவர் வேலை, விசாரணை மற்றொருவர் வேலை. இரு விதிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்ததால் ஒரே விரிப்பில் காட்ட முடிந்தது. அவர் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு நூலைத் திருப்பி அட்டையைப் பார்த்தார்.

"சார், இது எந்த வருஷத்துப் புக்?"

அவமதிக்கும் தொனியில் அவர் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். எனக்குத்தான் விடை தெரியவில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் "மறு அச்சு" என்றும் ஓர் ஆண்டும் இருக்கின்றன. எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது எங்கும் இல்லை. சட்டக் கைநூலுக்கு அட்டைப்படத்தைவிட முக்கியமான வரி அதுதான். அது இல்லாததால், சரியான விதியைக் காட்டியும், அந்த அம்மா அன்று எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல்தான் வீடு திரும்பினார். காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம் என்று 5-ஆவது விதியே சொல்லும் வழியில் அனுப்பினோம். அதற்குப் பிறகே வழக்குப் பதிவாயிற்று.

இந்தக் குறையைவிடப் பெரிய குறை ஒன்றைப் பிறகுதான் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்குப் பதிவதற்கு முன் டி.எஸ்.பி. முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைது செய்வதற்கு முன் உயரதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டுதல்கள் வகுத்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து, முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை, கைதுக்கு ஒப்புதலும் தேவையில்லை என்று எழுதியது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தன் வழிகாட்டுதல்களைத் தானே திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று பிருத்விராஜ் சவுகான் வழக்கில் 18-ஏ செல்லும் என்று தீர்ப்பளித்தது. கைநூலில் 18-ஏ பிரிவு சரியாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் பதிப்பாளர் முன்னுரையில், "இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை அவசியம் என்பதை வாசகர் நினைவில் கொள்க" என்ற வரி அப்படியே நிற்கிறது. அந்தச் சில மாத இடைவெளியில் எழுதிய முன்னுரையை மறு அச்சில் யாரும் திரும்பப் படிக்கவில்லை போலும். சட்டத்தைத் தேடி நூலைத் திறப்பவர் முதலில் படிப்பது முன்னுரையைத்தான். காவல் நிலையத்தில் நூலை வாங்கிப் பார்ப்பவரும் முதலில் அங்கேதான் போவார்.

இதோடு தொடர்புடைய இன்னொரு விடுதலும் இருக்கிறது. அட்டையில் "புதிய குற்றவியல் சட்டங்களின் ஒப்பீட்டுடன்" என்று சிவப்பு வட்டத்துக்குள் போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டதால் இந்த ஒப்பீடு கட்டாயம் வேண்டும்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணை பழைய எண்களையே பேசுகிறது. ஒப்பீட்டுப் பட்டியல் இரண்டு பக்கம். கொலை 302 இப்போது 103, முன்ஜாமீன் 438 இப்போது 482 என்பன போன்ற நேர் இணைகள் சரியாகவே இருக்கின்றன. எண்ணுக்கு எண் எழுதுவது எளிய வேலை. உண்மையில் விளக்க வேண்டியிருந்தது வேறு: புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் கீழ் வரை தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன்னனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த நிலைய அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது. 3(1) பிரிவின் கீழ் வரும் குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அதாவது அந்த அளவுகோலுக்குள் விழுகின்றன. ஆகவே, 2018-இல் மூடப்பட்ட கதவு 2024-இல் வேறு பக்கமாகத் திறந்துவிட்டதோ என்ற ஐயம் எவருக்கும் எழும். என் படிப்பில், 18-ஏ பிரிவு வெளிப்படையாக முதற்கட்ட விசாரணையை விலக்குவதாலும், பிற சட்டங்களுக்கு மேலாக இச்சட்டமே செல்லும் என்று 20-ஆவது பிரிவு சொல்வதாலும், புதிய பிரிவு இங்கே நுழைய முடியாது. ஆனால் இதை என்னைப் போன்றவன் மேசையில் நின்று வாதிடுவதற்கும் அச்சிட்ட குறிப்பு ஒன்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. சிவப்பு வட்டம் போட்ட பதிப்பில் அந்தக் குறிப்பு இருந்திருக்க வேண்டும்.

விதிகள் பகுதியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மலிவுப் பதிப்புகள் பல, சட்டத்தை மட்டும் அச்சிட்டு விதிகளை விட்டுவிடுகின்றன, வாங்குபவரும் அதைக் கவனிப்பதில்லை. சட்டம் உரிமை உண்டு என்கிறது. அதை எந்த அதிகாரி, எத்தனை நாளுக்குள், எவ்வளவு தொகையோடு நிறைவேற்ற வேண்டும் என்பதெல்லாம் விதிகளில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஏழு நாட்களுக்குள் தீருதவி தர வேண்டும் என்பது 12-ஆவது விதி. முதலமைச்சர் தலைமையிலான மாநில விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரு முறை கூட வேண்டும் என்பது 16-ஆவது விதி. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது 17-ஆவது விதி. இந்தக் கைநூல் இவை அனைத்தையும் 2016 ஏப்ரல் 14-ஆம் தேதியத் திருத்தத்தோடு தந்திருக்கிறது. விதிகளின் தமிழாக்கம் சட்டத்தின் தமிழாக்கத்தைவிட நன்றாகவும் இருக்கிறது. வேறொருவர் செய்திருக்க வேண்டும்.

தீருதவிப் பட்டியல் மட்டும் தனித் துயரம். 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை, குற்றத்துக்கேற்பத் தொகையும், அதை எந்தக் கட்டத்தில் எத்தனை விழுக்காடு கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. சாதிப் பெயரால் இழிவுபடுத்தியதற்கு ஒரு லட்சம் ரூபாய்: முதல் தகவல் அறிக்கையின்போது 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது 50, கீழமை நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கப்படும்போது மீதி 25. தொகையைவிட இந்தக் கட்டப் பகுப்புதான் மக்களுக்கு அவசியம். "தண்டனை கிடைத்தால்தான் பணம்" என்று அலுவலகங்களில் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. கைநூலில் இந்தப் பட்டியலைப் பக்கவாட்டில் திருப்பி, எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். விழுக்காடு இருக்கும் கடைசிப் பத்தி நடுத்தையலுக்குள் புதைந்துவிட்டது. நூலை முதுகு ஒடியும்படி விரித்தால்தான் தெரியும்; இரண்டு முறை அப்படி விரித்ததில் என் பிரதியின் பதினாறு பக்கங்கள் கழன்று வந்துவிட்டன.

பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளைச் சொல்லும் 15-ஏ பிரிவு சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. பிணை மனு உட்பட எந்த நடவடிக்கை பற்றியும் உரிய நேரத்தில் அறிவிப்புப் பெறும் உரிமை இங்கேதான் இருக்கிறது. அது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன்னார்வத் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறவும் இதே பிரிவு உரிமை தருகிறது. "நீங்க யாரு சார், அவங்களுக்குச் சொந்தமா?" என்று என்னைக் கேட்பவர்களுக்காக அந்தப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடைசிப் பகுதியான சிறுபான்மையினர் ஆணையச் சட்டம் குறித்துச் சொல்ல அதிகமில்லை, சட்டமே சிறியது. மத்திய அரசு அறிவிக்கும் சமூகங்களே இச்சட்டத்தின்படி சிறுபான்மையினர்: 1993-இல் முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி ஆகியோர்; 2014-இல் சமணரும் சேர்க்கப்பட்டனர். விசாரணையின்போது ஆணையத்துக்குச் சிவில் நீதிமன்றத்தின் சில அதிகாரங்கள் உண்டு. விசாரித்து முடித்த பிறகு அது செய்யக்கூடியது பரிந்துரை. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவைப் படித்துவிட்டு இதற்கு வருபவர், குற்றம் என்று ஒரு வரியையாவது தேடிப் பார்ப்பார், இல்லை. மதத்தைக் காரணம் காட்டி வீடு வாடகைக்கு மறுக்கப்பட்ட ஒருவர் அட்டையில் "சிறுபான்மையினர் உரிமைகள்" என்று பார்த்து இந்நூலை வாங்கினால், அவருக்கு உதவும் பிரிவு இதில் ஒன்றும் கிடையாது. அது பதிப்பகத்தின் குற்றமன்று. தனியார் செய்யும் பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் விரிவான சட்டம் இந்தியாவில் இல்லை. சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கலாம் என்று 2006-இல் சச்சார் குழு பரிந்துரைத்ததும் சட்டமாகவில்லை. ஆனால் அட்டையில் அப்படிப் போட்டது பதிப்பகம்தான்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையில் விழுந்துவிடுபவர்களைப் பற்றி ஒரு குறிப்பாவது வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின் 3-ஆவது பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சாராதவரைப் பட்டியல் சாதியினராகக் கருதுவதில்லை. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். எனவே தலித் கிறித்தவர் ஒருவர் அதே தெருவில், அதே வசைச் சொல்லால் திட்டப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. ஆணையச் சட்டத்தின்கீழ் அவர் சிறுபான்மையினர், ஆனால் அங்கே கிடைப்பது பரிந்துரை. பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. புகாரோடு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதைக் கைநூல் எங்கும் சொல்லவில்லை.

இத்தனை குறை சொன்ன பிறகும், இதே நூலின் இரண்டாவது பிரதியைச் சென்ற மாதம் வாங்கினேன். விதிகளும் அகரவரிசையும் ஒருசேர இருக்கும் வேறு தமிழ்ப் பதிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்: 18-ஏ பிரிவு இருக்கிறதா, விதிகள் இருக்கின்றனவா, முன்னுரை இரண்டோடும் முரண்படுகிறதா. வழக்கறிஞர்களுக்கு இது தேவைப்படாது. கிராமத்தில் வேலை செய்யும் அமைப்புகள், ஊராட்சித் தலைவர்கள், மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள் வாங்கலாம், ஆங்கிலப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கும் பொறுமை இருந்தால்.

என் புதுப் பிரதியில் முன்னுரையின் அந்த ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறேன். "பொது இடத்தில்" என்பதற்கு மேல் "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" என்றும், "அனுமானிக்கலாம்" என்பதற்கு மேல் "வேண்டும்" என்றும் பென்சிலால் எழுதி, தீருதவிப் பட்டியலைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துப் பின்னட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பதிப்பகத்துக்கும் இவற்றைப் பக்க எண்களோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.